ஹைப்பர்டெக் ஸ்டுடியோ எச்டி மினி: உள்ளூர் அலைவரிசைக்கு ஏற்ற பதிவுக் கருவியா?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் நடைபெறும்போது, அதை நேரலையாகக் காட்டும் வேலூர்ப் பகுதிக் கேபிள் அலைவரிசைக்குப் படம் பிடிப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு, அதாவது அம்மனின் தலை, ஊர்வலமாகப் புறப்பட்ட காட்சியைச் சற்று நேரத்திலேயே மறுபடியும் ஒளிபரப்ப வேண்டும்; அதே நேரத்தில் வீதியில் நகர்ந்துகொண்டிருக்கும் ஊர்வலத்தின் பதிவும் நிற்கக் கூடாது. இந்த ஒரு தேவையை அளவுகோலாக வைத்தே, பிளாக்மேஜிக் டிசைன் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஹைப்பர்டெக் ஸ்டுடியோ எச்டி மினியை இங்கே மதிப்பிடுகிறேன்.

பல கேமராக்களின் படங்களில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத் தரும் ஸ்விட்சரிலிருந்து, எஸ்டிஐ என்னும் ஒளிபரப்புத் துறைக் கேபிள் வழியாக வரும் படத்தையும் ஒலியையும் எச்.264, ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ் ஆகிய வீடியோக் கோப்பு வடிவங்களில் நேரடியாகக் கோப்பாக்கித் தருவதே இதன் வேலை. முகப்பில் இரண்டு எஸ்டி கார்டு செருகுவாய்களும், பின்புறம் வெளி டிஸ்க்கை இணைக்க யூஎஸ்பி-சி வாயிலும் உள்ளன. 1990களில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் புரொஃபைல் போன்ற டிஸ்க் ரெக்கார்டர்கள் பெரிய நிலையங்களுக்கு மட்டுமே எட்டியவை. டேப்பைச் சுற்றிச் சுற்றித் தேடாமல் வேண்டிய கிளிப்பை உடனே எடுத்து ஓட்டும் அந்த வசதி இன்று ஒரு சிறு மாவட்ட அலைவரிசையின் மேசைக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

படத்தின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. கவனிக்க வேண்டியது கார்டின் கொள்ளளவு. நொடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட முழு எச்டி படத்தை ப்ரோரெஸ் 422 வடிவில் பதிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 122 மெகாபிட், அதாவது மணிக்கு 55 ஜிபி செலவாகும். அதையே எச்க்யூ என்னும் அதைவிட உயர்ந்த ப்ரோரெஸ் தரத்தில் பதிந்தால் மணிக்கு 83 ஜிபி. ஆகவே 128 ஜிபி கார்டில் முதலாவது இரண்டேகால் மணி நேரத்துக்கும், இரண்டாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் போதும். கேபிளில் ஒருமுறை ஓடி, பிறகு யூடியூபுக்குப் போகும் நிகழ்ச்சிக்குக் குறைந்த இடம் எடுக்கும் எச்.264 போதுமானது, வெட்டி ஒட்டி ஆவணமாக வைக்க விரும்புவதற்கு மட்டும் ப்ரோரெஸைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் கார்டு நிரம்பியதும் பதிவு தானாகவே இரண்டாவது கார்டுக்கு மாறிவிடும்; அதற்குள் முதல் கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் எத்தனை மணி நேர ஊர்வலமானாலும் பதிவு தொடரும்.

ஆனால் கருவியின் உண்மையான பெறுமதி பதிவதில் அல்ல, பதிந்ததைக் கண்டெடுப்பதில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரத்தை ஒரே கோப்பாகப் பதிந்துவிட்டு, அதற்குள் புறப்பாட்டைத் தேடுபவருக்கு இந்தக் கருவி பெரிதாக உதவாது. பகுதி பகுதியாகத் தனித்தனிக் கிளிப்பாகப் பதிந்தால், முந்தைய கிளிப், அடுத்த கிளிப் பொத்தான்களைக் கொண்டே வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். நிறுத்தித் தொடங்கும் இடைவெளியில் ஏதேனும் தவறிவிடுமே என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்கும் வழி இருக்கிறது: நெட்வொர்க் கேபிள் வழியே கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் முறையில், ஓடிக்கொண்டிருக்கும் பதிவை நிறுத்தாமலே அடுத்த கார்டுக்கு மாற்றும் கட்டளை ஒன்று தரப்பட்டுள்ளது. புறப்பாடு முடிந்த கணத்தில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால், முதல் கார்டு கையில் வந்துவிடும், ஊர்வலமும் இரண்டாவது கார்டில் பதிவாகிக்கொண்டிருக்கும். இந்த வசதியைப் பயன்படுத்தாதவர் கருவியில் பாதியை மட்டுமே வாங்கியவர் என்பேன்.

பெயரிடும் வேலையைப் பதிவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கோப்புப் பெயரின் முன்னொட்டை மாற்றாமல் விட்டால் எல்லாக் கிளிப்புகளும் ஹைப்பர்டெக் என்ற பெயரோடும் வரிசை எண்ணோடும்தான் சேமிக்கப்படும்; நிகழ்ச்சிக்கு ஏற்ற முன்னொட்டையும் நேர முத்திரையையும் முதலிலேயே அமைத்துக்கொண்டால், எஃப்டிபி என்னும் நெட்வொர்க் வழிக் கோப்புப் பரிமாற்ற முறையில் அலுவலகக் கணினிக்கு மாற்றியபின் கோப்புகள் ஒன்றோடொன்று குழம்பா. இதோடு, எண்ணையும் காட்சியையும் ஒரு நோட்டில் குறித்துவைக்க ஓர் உதவியாளர் அருகில் இருப்பது நல்லது. கருவி எண்ணைக் கொடுக்குமே தவிர, அந்தக் கிளிப்பில் சிரசு எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லாது.

கார்டுகளை நிகழ்ச்சிக்கு முன் இதே கருவியில் ஃபார்மேட் செய்வது சிறந்தது. விண்டோஸ் கணினியிலும் மேக்கிலும் படிக்கக்கூடியது என்பதால் எக்ஸ்ஃபேட் என்னும் ஃபார்மேட் முறையே வசதி. ஆயினும் பதிவு ஓடும்போது மின்சாரம் நின்றாலோ கார்டு பிடுங்கப்பட்டாலோ கோப்பு முறையாக மூடப்படாமல் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே யூபிஎஸ் இல்லாமல் இதை இயக்கக் கூடாது. வெப்பமும் அதே அளவுக்கு முக்கியம். இதன் இயங்கு வெப்பநிலை வரம்பு 40 டிகிரி செல்சியஸ் வரைதான், திருவிழாவோ அக்னி நட்சத்திர நாட்களில் வருகிறது. அந்த நாட்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தெருவோரத் தகரக் கொட்டகைக்குள் வைக்காமல், குளிரூட்டிய வண்டிக்குள்ளோ காற்றோட்டமான அறையிலோ வைத்து, அங்கே கேபிளை இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே கருவியால் ஒரே நேரத்தில் பதியவும் பதிந்ததை ஓட்டவும் முடியாது என்பதையும் வாங்குவதற்கு முன் மனத்தில் கொள்ள வேண்டும். நான் மேலே சொன்ன கார்டு மாற்றும் முறை, மறு ஒளிபரப்புக்கு இரண்டாவது கருவி இருந்தால்தான் பயன்படும். கேமராவிலேயே பதிந்து, பிறகு எடிட் செய்து கொடுக்கும் திருமண வீடியோக்காரர்களுக்கு இது தேவையற்ற செலவு. நேரலை செய்யும் அலைவரிசைக்கோ, எஸ்எஸ்டி டிஸ்க் செருகுவாய்களும் பெரிய தேடல் சக்கரமும் கொண்ட, இதே வரிசையின் பெரிய கருவியான எச்டி புரோ ஒன்றை வாங்குவதைவிட, மினி இரண்டை வாங்கி, ஒன்றைப் பதிவுக்கும் மற்றதை ஓட்டுவதற்கும் ஒதுக்குவதே என் பரிந்துரை.