ஜிர்கோனியா ஃபர்னஸில் நாலு வருஷம்: 1500-ல் பயமில்லை, 500-ல்தான்

எங்கள் பல் லேபில் ஜிர்கோனியா கிரவுன் (பல் மேல் மாட்டும் வெள்ளைச் செராமிக் உறை) சுடும் ஃபர்னஸுக்கு நாலு வயசாகிறது. எந்த பிராண்ட் என்பது இங்கே முக்கியமில்லை. உள்ளே கொண்டை ஊசி மாதிரி தொங்குகிற, சூடேற்றும் எலிமெண்ட்டைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அது மாலிப்டினம் டைசிலிசைடு. வெறும் மாலிப்டினம் உருக 2623 டிகிரி வேண்டும். ஆனால் காற்று பட்டால் 800 டிகிரிக்குள்ளேயே ஆக்சைடாகிப் புகையாய்ப் போய்விடும். சிலிக்கான் சேர்ந்திருப்பதால், நல்ல சூட்டில் மேலே கண்ணாடி போல ஒரு சிலிக்கா படலம் தானே படிகிறது. கீறல் விழுந்தாலும் அடுத்த சூட்டில் மூடிக்கொள்ளும். 1530-ல் இரண்டு மணி நேரம் நிறுத்தினாலும் அசராது.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருஷம் கிரவுன்களில் லேசாக மஞ்சள் தட்ட ஆரம்பித்தது. ஏ1 என்ற வெளிர் பல் நிறம் கேட்ட டாக்டருக்கு, அதைவிட ஒரு படி அடர்ந்த ஏ2 மாதிரி போய், திரும்பி வந்தது. நிறம் ஏற்றும் ஷேடு லிக்விட் மேல் பழி போட்டோம், கிரவுன் கடையும் ஜிர்கோனியா பிளாக்கை மாற்றினோம். ஒருநாள் தட்டைத் துடைத்தபோதுதான் துணியில் மஞ்சள் தூள்.

தப்பு என்னுடையது. லிக்விடில் முக்கிய கிரவுன் உள்ளேயே காயட்டும் என்று 500-ல் ஒரு மணி நேரம் நிற்கும் புரோகிராம் போட்டு வைத்திருந்தேன். 400-லிருந்து 600 வரை இந்த எலிமெண்ட்டுக்கு ஆகாது. அந்தச் சூட்டில் மாலிப்டினமும் சேர்ந்து ஆக்சைடாகிப் பருக்கும். சிலிக்கா ஒட்டுப் படலமாக நிற்காமல் பொடியாக உதிரும். துணியில் வந்த மஞ்சள் தூள் இதுதான். பெரிய சூடு கொல்லாத எலிமெண்ட்டைச் சின்னச் சூடு கொல்கிறது!

இப்போது கிரவுனை விளக்கடியில் முழுக்கக் காயவைத்த பிறகே உள்ளே வைக்கிறோம். அந்த இடைவெளியை வேகமாகத் தாண்ட விடுகிறோம். மாசம் ஒருமுறை தூளைத் துடைத்துவிட்டு, சிலிக்கா படலம் மறுபடி படிய, காலியாக 1450-க்கு மேல் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறோம். மஞ்சள் நின்றுவிட்டது.

நடுவில் ஒரு எலிமெண்ட் உடைந்தது. அது பிரஷ் பட்டு. ஆறிய நிலையில் கண்ணாடி வளையல்தான். பழசோடு புதுசைச் சேர்த்தே மாட்டினோம். சிலிக்கான் கார்பைடு எலிமெண்ட்டுக்கு ஏறுவது போல இதற்கு வயசாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறாது, அதனால் செட்டாக மாற்றும் செலவு மிச்சம்.

தீராத ஒரு குறை உண்டு. மேல்கூரையைத் துளைத்து வெளியே வரும் தண்டுப் பகுதி, உள்ளே 1500 இருந்தாலும், எங்கோ ஓரிடத்தில் 500-லேயே நிற்கும். காலி ஓட்டத்தின் சூடும் அங்கே எட்டுவதில்லை. சனிக்கிழமைதோறும் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.