பட்டா லொறியில் வரும் ‘மலை முந்திரிகை’க் கன்றை வாங்காதீர்கள்

பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பட்டா என்கிற சின்ன லொறியில் பூக்கன்று, பழக்கன்று கொண்டுவருகிறவர்கள் ‘மலை முந்திரிகை’ (மலைத் திராட்சை) என்று எதையாவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். நான் 750 ரூபாய்படி இரண்டு வாங்கினேன்.

“அக்கா, இலையைப் பாருங்க, முந்திரிகை இலைதானே? குளிருக்கு நல்லா வரும்” என்றான் அந்தத் தம்பி. மூன்றாகப் பிரிந்த இலை, சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி. நம்பிவிட்டேன். குசினிக்குப் பின்னால் நட்டு, சாணம் போட்டு, பந்தலும் கட்டினேன்.

கொடி ஓடிய வேகத்தைப் பார்த்து முதலில் பெருமைதான். ஆறே மாதத்தில் கொய்யாவில் ஏறி, காப்பிச் செடியை மூடிவிட்டது. பூ சட்டைப் பொத்தான் அளவு. பச்சையாக, இதழே இல்லாமல். காய் குலையாக வரவில்லை, இலைக் கக்கத்தில் ஒன்றிரண்டாகத் தொங்கிக் கறுத்தது. நசுக்கினால் விரலெல்லாம் ஊதா. முந்திரிகை எங்காவது தனித்தனியாகக் காய்க்குமா? அப்போதாவது புத்தி வந்திருக்கலாம். அவனுக்குப் போன் எடுத்தேன். “முதல் காய்ப்பு அப்படித்தான் அக்கா, அடுத்த முறை குலை போடும்” என்றான். அப்புறம் அந்த நம்பர் வேலை செய்யவே இல்லை.

பேராதனையில் படிக்கும் அண்ணன் மகள் லீவில் வந்தாள். அடித்தண்டைச் சுரண்டி, “போத்தல் கார்க் மாதிரி இருக்கு பாருங்க அத்தை” என்றாள். இலைக்காம்பில் இரண்டு சின்னக் குமிழ்களையும் காட்டினாள். கொடித்தோடைக்கு (பாஷன் பழக்கொடி) சொந்தமாம், தாவரப் பெயர் பாசிஃப்ளோரா சுபெரோசா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே கண்டபடி பரவும் கொடி. சயனைட் வெளிவிடும் பொருள் இதில் உண்டு என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. சின்னவன் இரண்டு பழம் தின்றிருந்தான். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. இனி தெரியாத கொடி வந்தால் பூவும் காயும் உள்ள கிளையாக வெட்டி, பேராதனைப் பூங்காவில் இருக்கும் தேசிய ஹேர்பேரியத்தில், அதாவது செடிகளை உலர்த்திச் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில், காட்டச் சொன்னாள்.

வெட்ட வந்தவர் தனிக்கதை. ஒருநாள் கூலி வாங்கிக்கொண்டு, கணுக்கால் உயரத்தில் அறுத்துவிட்டுப் போனார். அடிக்கட்டையில் மறுபடி துளிர். கடைசியில் மழை பெய்து மண் இளகிய பிறகு நானே வேரோடு தோண்டினேன். பழங்களை அதற்கு முன்பே பறித்துப் பையில் கட்டிவிட்டேன்.

ஆனாலும் கொண்டைக்குருவிகள் தின்று போட்ட விதை கொய்யாவடியில் முளைத்துக்கொண்டே இருக்கிறது. இன்று காலை 17 பிடுங்கினேன். பக்கத்து வீட்டு அக்காவும் அன்றைக்கு ஒரு கன்று வாங்கியிருந்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, குலை போடும் என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்.