தினம் 180 முறையா, வாரம் மூன்று நாளா? ஓடுபவரின் குதிகால் வலிக்கு எது மருந்து

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்தடி நொண்டுவோம். குளியலறையை எட்டுவதற்குள் வலி காணாமல் போய்விடும். ஓட ஆரம்பித்தால் முதல் ஒரு கிலோமீட்டர் முணுமுணுக்கும், பிறகு அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று மேலும் ஓடுவோம். மறுநாள் காலை அந்தப் பத்தடி இருபதடியாகியிருக்கும். குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அகில்லஸ் தசைநாண் கெடத் தொடங்கும்போது ஓடுகிறவர்களை இப்படித்தான் ஏமாற்றும். நான் இரண்டு மாதம் ஏமாந்தேன்.

பிறகு எல்லோரும் சொல்வதைச் செய்தேன்: ஓய்வு. ஆறு வாரம் ஓடவில்லை, வலி சுத்தமாக நின்றது. ஏழாவது வாரம் மூன்றே கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் அதே நொண்டல். கடன்காரன் வாசலுக்கு வராத வரை வீடு அமைதியாகத்தான் இருக்கும். கடன் அடைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

தசைநாண் என்று பெயர் வைத்தவர் வில்லை மனத்தில் வைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். கால் தரையில் படும்போது இழுபட்டு விசையைச் சேமித்து, உந்தி எழும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு இழுவிசை அதன்மேல் விழுகிறது. நாள்பட்ட வலியில் இழைகள் ஒழுங்கு குலைந்து, நாண் தடித்துப்போகிறது. இது வெறும் வீக்கமில்லை. அதனால்தான் பனிக்கட்டியும் வலி மாத்திரையும் நோயைத் தொடுவதில்லை. சுமை கூடிப்போனதால் கெட்டது, சுமையே இல்லாவிட்டால் இன்னும் பலவீனமாகும். ஆகவே ஓய்வைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுகிறேன். சுமையை எப்படி ஏற்றுவது என்பதில்தான் உண்மையான போட்டி.

முதல் வழி 1998-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. எலும்பு மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃபிரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. அறுவை சிகிச்சை கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட்டார். நிலைமை மோசமானால் செய்துதானே ஆக வேண்டும் என்று நாணை வேண்டுமென்றே வருத்தினார்; அது குணமாகிவிட்டது. அவரே சொல்லியிருக்கும் கதை இது. முறை எளிது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாக, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை இறங்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும் செய்தால் நாளுக்கு 180. இப்படி 12 வாரம், ஒருநாள்கூட விடுமுறையில்லை. வலித்தாலும் தொடர வேண்டும். வலிக்காமல் போனால் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும். முதல் ஆய்வில் இதைச் செய்த 15 பேரும் மீண்டும் ஓடினார்கள்.

முழங்காலை மடக்குவதை வீண் வேலை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இந்த நாணில் சேர்கின்றன. மேலே இருப்பது முழங்காலைத் தாண்டிப் போகிறது, அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. மடக்கினால் மேல்தசை தளர்ந்து, வேலை அடித்தசையின் பக்கம் சாய்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் பெரும்பாரத்தைச் சுமப்பது அந்த அடித்தசைதான்.

இரண்டாவது வழி, கனமான எடையை மெதுவாகத் தூக்குவது. வாரத்துக்கு மூன்றே நாள். உட்கார்ந்தபடி ஒன்று, கால் அழுத்தும் இயந்திரத்தில் ஒன்று, எடையைத் தோளில் வைத்து நின்றபடி ஒன்று என, குதிகாலை உயர்த்தி இறக்கும் மூன்று பயிற்சிகள். ஏற மூன்று விநாடி, இறங்க மூன்று விநாடி. முதல் வாரம் 15 முறைக்கு மேல் தூக்க முடியாத எடையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக ஆறு முறையே தூக்க முடிகிற எடை வரை ஏற வேண்டும். டென்மார்க்கில் 58 பேரை வைத்து இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் மோதவிட்டு 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வலி குறைந்ததிலும் கால் மீண்டு வேலை செய்ததிலும் இரண்டும் சமம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. எடை தூக்கியவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட பயிற்சியில் 92 சதவீதம் செய்தார்கள், படியில் இறங்கியவர்கள் 78 சதவீதம். அதுவும் எடைக்குச் செலவான நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

என் ஓட்டு எடைக்கே. படிப் பயிற்சியை மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தேன்; நான்காவது வாரம் மாலைச் சுற்று நின்றது, ஐந்தாவதில் காலைச் சுற்றும் போனது. பல் துலக்குவதுபோல் அலுக்காமல் செய்கிற பிறவிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படி போதும். இயந்திரமும் ஜிம்மும் வேண்டியதில்லை. எடை முறையில் எனக்குப் பிடித்தது, ஏறுவது கண்ணுக்குத் தெரிவதுதான். போன வாரம் தூக்கியதைவிட இந்த வாரம் ஐந்து கிலோ கூட என்பது அலுப்புக்கு நல்ல மருந்து.

இடையில் ஓடலாமா கூடாதா? ஓடலாம் என்பதே விடை, எல்லையோடு. 2007-இல் வெளிவந்த இன்னொரு ஸ்வீடன் ஆய்வில் 38 பேரும் ஒரே வலுவூட்டும் பயிற்சியைச் செய்தார்கள். பாதிப்பேர் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள், மீதிப்பேர் முதல் ஆறு வாரம் ஓடவில்லை. ஓராண்டில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. தொடர்ந்தவர்களுக்கு இருந்த கட்டுப்பாடு இதுதான்: பத்துக்கு ஐந்து மதிப்பெண் வரை வலி வரலாம், மறுநாள் காலைக்குள் அது தணிந்திருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக்கூடாது. எந்த ஸ்கேனையும்விட அந்தக் காலை நேரப் பத்தடியைத்தான் நான் நம்புகிறேன்.

இவ்வளவும் வலி குதிகால் எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே இருந்தால்தான். நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் கணக்கு மாறும். அங்கே குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும்போது நாண் எலும்பின்மேல் நசுங்குகிறது. இறக்கத்தைத் தரைமட்டத்தோடு நிறுத்திப் பார்த்த சிறிய ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பலன் கிடைத்தது. முழு இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுத்து நீட்டுவதையும் இவர்கள் விட்டுவிடுவது நல்லது. ஷூவுக்குள் குதிகாலின் கீழ் சிறு திண்டு வைத்தால் ஆறுதலாக இருக்கும்.

ஊசிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு சில வாரம் வலியை மறைக்கும், நாண் அறுந்துபோகும் அபாயத்தையும் கூட்டக்கூடும். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றும் பிளேட்லெட் ஊசி, 240 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், போலி ஊசியைவிட மேலாக எதையும் செய்யவில்லை. வலிக்கும் இடத்தில் அழுத்த அலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை பயிற்சியோடு சேர்ந்தால் உதவலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் தசைநாணைக் கெடுக்கக்கூடியவை. இந்த வலி இருந்தால் எழுதித்தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறுந்துபோனால் அது வேறு வழக்கு. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். குப்புறப் படுத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் அசையாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே அடுத்த ஒப்பீடு காத்திருக்கிறது: தைப்பதா, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப்போட்டுத் தானாக ஒட்டவிடுவதா? நார்வேயில் 554 பேரைச் சேர்த்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் நோயாளிகள் சொன்ன முன்னேற்றத்தில் வேறுபாடில்லை. ஆனால் தைக்காதவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு நாண் மறுபடி அறுந்தது; தைத்தவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான். மறுபக்கம், சிறு துளை வழியாகத் தைத்தவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு நரம்பில் காயம் ஏற்பட்டது. வேகமாக ஓடுவதும் குதிப்பதுமாக இருப்பவர் தையல் பக்கம் சாய்வது நியாயம். ரத்த ஓட்டமோ தோலோ சரியில்லாதவர் கட்டின் பக்கம் சாய்வதும் நியாயம். எந்த வழியில் போனாலும், ஒற்றைக்காலில் நின்று குதிகாலை மறுகாலின் அளவு உயரத்துக்குத் தூக்குவது ஓராண்டு கழித்தும் பலருக்கு முடிவதில்லை.