அருங்காட்சியகம் வளரட்டும், பூங்கா குறைய வேண்டாம்

கிருஷ்ணகிரி காந்தி சாலை அரசு அருங்காட்சியகம் 1993-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்து மண்ணிலிருந்து எவ்வளவோ வெளிவந்துவிட்டது. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும், சண்டையில் இறந்த வீரர்களுக்காக நட்ட நடுகற்கள் இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் ஒழுங்காக வைக்க வேண்டுமென்றால் இடம் வேண்டும். நகருக்குள் காலி இடம் என்றதும் எல்லார் கண்ணும் பூங்கா மேல்தான் விழும். அதனால் இருக்கிற வழிகளை இப்போதே எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

பூங்காவில் ஒரு மூலையை எடுத்துக் கட்டுவது சுலபமாகத் தெரியும். நிலம் வாங்கும் செலவு கிடையாது. ஆனால் நியூயார்க்கில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2023-ல் திறந்த கில்டர் மையம் என்ற புதிய கட்டடத்துக்காகப் பக்கத்துப் பூங்காவில் போனது சுமார் கால் ஏக்கர்தான். தன் பழைய கட்டடங்கள் மூன்றை அகற்றி, பெரும்பகுதியைச் சொந்த இடத்துக்குள்ளேயே அடக்கினார்கள். அதற்கே மக்கள் நீதிமன்றம் போனார்கள். சிகாகோ ஏரிக்கரையில் வரவிருந்த, திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் அருங்காட்சியகமோ பூங்கா ஆர்வலர்களின் வழக்கால் 2016-ல் அந்த ஊரையே விட்டுப் போனது. ஆக, பூங்காவில் கைவைத்தால் அருங்காட்சியகத்துக்கும் நஷ்டம் வரலாம். நம் ஊர்ப் பூங்காக்களில் பலவற்றைச் சென்ட் கணக்கில்தான் அளக்க முடியும். அதில் கால் ஏக்கர் போனால் அப்புறம் மிஞ்சுவது நடைபாதைதான்.

இருக்கும் வளாகத்திலேயே மாடி எழுப்புவது இரண்டாவது வழி. பானை, இரும்பு, நாணயம் இவற்றுக்கு இதுதான் சரி. ஈரம் பட்டால் இரும்பு உதிர்ந்துவிடும். அதற்கு மூடிய அறை கட்டாயம் வேண்டும். ஆனால் பலகை பலகையாக இருக்கும் நடுகற்களை மாடிக்கு ஏற்ற முடியாது.

அந்தக் கற்களுக்குத்தான் மூன்றாவது வழி: மரங்களை வெட்டாமல், பூங்காவுக்குள்ளேயே நிறுத்துவது. என் ஓட்டு இதற்குத்தான். நடுகல் வெட்டவெளியில் நிற்கவே செதுக்கப்பட்டது. வில்லேந்திய வீரன், மார்பில் தைத்த அம்பு, காலடியில் அவன் மீட்ட மாடு, தலைக்கு மேல் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. தேய்ந்த எழுத்தை அறையின் டியூப்லைட்டில் வாசிப்பது கஷ்டம். காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது அதே வரியில் ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும். பல்லவர் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகளைச் சொல்லும் கற்கள் இந்தப் பழைய தருமபுரி வட்டாரத்தில் உண்டு. நடைப்பயிற்சிக்கு வரும் ஒருவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போகலாமே!

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் கல் பக்கம் திரும்பக் கூடாது. பெயிண்ட் அடிக்கவே கூடாது. எழுத்துள்ள கல்லுக்கு மேலே ஒரு கூரை, இரவில் ஒரு காவலர் வேண்டும்.

வேடியப்பன் என்று ஊரார் இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடும் கற்களை மட்டும் எந்தப் பூங்காவுக்கும் கொண்டுவர வேண்டாம். அவை அங்கேயே இருக்கட்டும். கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் மைப்படியை மட்டும் எடுத்து வந்து காட்சிக்கு வைத்தால் போதும்.

எந்த வழியை எடுத்தாலும் செலவு மதிப்பீடு போடுவதற்கு முன்பே பூங்காவின் ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் குறித்து, ஊர் மக்கள் பார்க்கும்படி நகராட்சியில் ஒட்ட வேண்டும்.