உயரக் கட்டடத்துக்கு மரக் கிளாடிங்கா, மரம் மாதிரி கிளாடிங்கா?

இங்கிலாந்தில் 18 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான குடியிருப்பு என்றால் மரக் கிளாடிங் (வெளிச்சுவர் மேல் உறைபோல அடிக்கும் மரப் பலகை) என்ற பேச்சுக்கே இடமில்லை. 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். அதையடுத்து, வெளிச்சுவரில் தீத் தரவரிசையின் உச்சியில் இருக்கும் ஏ1 அல்லது ஏ2 தரப் பொருள்தான் (எரியாதது அல்லது மிகக் குறைவாக எரிவது) வேண்டும் என்று 2018 டிசம்பரில் சட்டம் வந்துவிட்டது. சாதாரண மரம் பொதுவாக டி தரம், தீத்தடுப்பு மருந்து ஏற்றிய மரம் நன்றாக வந்தால் பி. இரண்டுமே அவுட். இத்தனைக்கும் கிரென்ஃபெலில் தீயைப் பரப்பியது மரம் இல்லை, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்.

சரி, உயரம் குறைந்த கட்டடங்களுக்கு வருவோம். லார்ச், சீடார் மரப் பலகையை மருந்தில்லாமல் அடிப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ.தான் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும் என்பது. தடித்த தூணுக்கும் உத்தரத்துக்கும் அது உண்மைதான். கிளாடிங் பலகையோ 20 மி.மீ. சொச்சம், பின்னால் காற்றோட்டத்துக்கு விட்ட இடைவெளி வேறு. அதற்குள் தீ நுழைந்துவிட்டால் புகைபோக்கிபோல மேலே இழுத்துக்கொண்டு போகும், கீழே நிற்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 2019 ஜூனில் கிழக்கு லண்டனில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மர பால்கனிகள் வழியாகத் தீ ஏறி 20 வீடுகள் அழிந்தன. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

மருந்தேற்றிய மரம் எவ்வளவோ மேல். நார்வேயின் 85.4 மீட்டர் உயர மரக் கட்டடமான மியோஸ்டோர்னெட்டுக்கே அதுதான் வெளியுறை, ஆனால் அங்கே தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் உண்டு. ஆலையில் அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றிய மருந்தா, மழையில் கரையாத வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளறைக்கான உப்பு மருந்தை வெளியே போட்டால் சில மழைக்காலங்களில் கரைந்து போகும், பலகை பார்க்க அப்படியேதான் இருக்கும்!

எச்பிஎல் (உயர் அழுத்த லேமினேட்) பலகைதான் எனக்குப் பிடிக்காதது. மரம் மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பகுதி காகிதமும் பிசினும்தான். 2019 நவம்பரில் போல்டன் நகரில் மாணவர் விடுதி ஒன்றில் தீ வேகமாகப் பரவியது இந்த வகைப் பலகை வழியாகத்தான். மரத்தின் ஆபத்தும் இருக்கிறது, மரமும் கிடைக்கவில்லை.

ஃபைபர் சிமென்ட்டோ (இழை கலந்த சிமென்ட் பலகை), மரவரி அச்சிட்ட, நடுவே பிளாஸ்டிக் இல்லாத திட அலுமினியமோ தீக்கு நல்லவை. கிட்டே போனால் மரம் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும், ஆனால் தீக்கு இரையாகாது.

என் தேர்வு: நான்கு மாடிவரை மருந்தேற்றிய மரம், அதற்கு மேல் ஃபைபர் சிமென்ட், பால்கனியில் எந்த உயரத்திலும் மரம் வேண்டாம். மரம் போடுவதென்றால் ஜெர்மனியில் செய்வதுபோல மாடிக்கு மாடி இரும்புத் தகடு வைத்து பலகைக்குப் பின்னால் உள்ள காற்று இடைவெளியைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும். தகடு பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், ஆர்க்கிடெக்டுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, நீட்டிக்கொண்டே இருக்கட்டும்.