நிலவியல் வரைபடம் பழக: டிரேசிங் தாளா, கணினியா?

பாறைகளின் சாய்வு, மடிப்பு, பிளவுகளைப் படிக்கும் கட்டமைப்பு நிலவியலில் கால் வைப்பவர் முதலில் டிரேசிங் தாளில் பழக வேண்டுமா, நேராகக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளுக்குப் போகலாமா? நான் முதல் ஆண்டு முழுவதும் தாளில்தான் வரைந்தேன். இன்று வேலூரில் யார் கேட்டாலும் அந்த வழியையே சொல்கிறேன்.

கணினியின் வசதிகளில் வாதாட ஒன்றுமில்லை. கியூஜிஐஎஸ் இலவசம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவை நிலவியல் வரைபடங்கள் கிடைக்கின்றன. சம உயரக் கோடுகளுடன் நில அமைப்பைக் காட்டும் வேலூரின் 57 P/1 டோப்போஷீட் மேல் அவற்றைப் பொருத்திவிடலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது குறுக்குவெட்டு, அதாவது நிலத்தைச் செங்குத்தாக வெட்டினால் தெரியும் பக்கத்தோற்றம். ஜோலார்பேட்டைச் சமவெளி ஏறத்தாழ 400 மீட்டர் உயரம், ஏலகிரி மேல்தளம் 1,100 மீட்டரை ஒட்டியது. 1:50,000 அளவையில் இந்த 700 மீட்டர் வேறுபாடு தாளில் 1.4 சென்டிமீட்டர்தான். மலை தட்டையாகத் தெரிகிறதே என்று உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால், 30 பாகை டிப் (பாறை அடுக்கு கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) 49 பாகையாக ஏறிவிடும். திரையில் உயர அச்சு பல சமயம் சட்டத்தை நிரப்பத் தானாகவே நீண்டுவிடுகிறது. கவனிக்காத மாணவர் அதன் மேலேயே 30 பாகையைக் குறித்துவிடுகிறார். தாளில் இரு அச்சுக்கும் ஒரே அளவுகோலை வைக்கும் கை இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்காது.

வெட்டுக்கோடு ஸ்ட்ரைக்குக்கு (சாய்ந்த அடுக்கின் மேல் போடும் கிடைமட்டக் கோட்டின் திசைக்கு) செங்குத்தாக இல்லாதபோதும் இதே கதைதான். உண்மை டிப் 60 பாகை, கோட்டுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் இடையே 30 பாகை என்றால், வெட்டில் தெரிவது 41 பாகை மட்டுமே. பாகைமானியை வைத்து நாமே குறித்தால்தான் இந்த எண் மனத்தில் தங்குகிறது.

தாளுக்கும் எல்லை உண்டு. டோப்போஷீட்டின் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. 30 பாகை சாயும் பாறை அடுக்குக்கு ஸ்ட்ரைக் கோடுகள் (அடுக்கில் ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைப்பவை) 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் விழும், வரையவே முடியாது. 100 மீட்டர் கோடுகளை மட்டும் எடுத்தால் 3.5 மில்லிமீட்டர் கிடைக்கும். திரையில் பெரிதாக்கினால் தீராதா என்பார்கள். தீராது; வரைபடத்தில் பதியாத துல்லியம் பெரிதாக்குவதால் வந்துவிடாது.

நம் பக்கத்து நைஸ், சார்னோகைட் பாறைகளில் ஃபோலியேஷன் (பாறைக்குள் தாதுக்கள் தகடுபோல் அடுக்கிய அமைப்பு) செங்குத்தை நெருங்கும் இடங்களில், பாறை எல்லைகள் பள்ளத்தாக்கில் வளையாமல் நேராகவே கடக்கும். எனவே சாய்ந்த அடுக்கின் எல்லை பள்ளத்தாக்கில் ‘வி’ வடிவில் வளையும் என்ற ‘வி’ விதியைப் படிவுப்பாறைப் பயிற்சி வரைபடங்களில்தான் பழக வேண்டும். அதற்கும் பென்சிலே போதும்.

முப்பரிமாண மாதிரி மென்பொருள்களில் என் அனுபவம் மேலோட்டமானது. அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நூறு அளவீடுகளை ஸ்டீரியோநெட்டில் (திசைகளையும் கோணங்களையும் குறிக்கும் வட்ட வலையில்) இடும் வேலையைத் தயங்காமல் கணினிக்குக் கொடுங்கள். ஒரு மடிப்பையும் பாறை விலகிய ஒரு பிளவையும் கடக்கும் வெட்டைக் கையால் வரைந்து, ஒவ்வொரு கோணத்துக்கும் காரணம் சொல்ல முடிந்த பிறகு கியூஜிஐஎஸ்ஸைத் திறக்கலாம்.