காப்பீட்டு அட்டையா, கிராமத்து மாத்திரைப் பையா?

எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு, வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை பார்க்கும் பெண் மாதம் ஒருமுறை மாத்திரைப் பையோடு வருவார். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, அட்டையில் எழுதிவிட்டு, "போன மாசத்து மாத்திரை மீதி இருக்குதாம்மா? காட்டுங்க" என்பார். மீதி இருந்தால் அம்மாவுக்குத் திட்டு விழும்.

பீரோவில் இன்னொரு அட்டையும் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. மாத்திரைப் பை, இந்த அட்டை இரண்டுக்கும் அரசுதான் பணம் போடுகிறது. கஜானாவில் கை இறுகினால் முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

காப்பீட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2009-ல் தொடங்கி, 2012 முதல் இன்றைய பெயரில் நடக்கும் திட்டம் இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். பீடி சுற்றும் வீட்டில், தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகும் வீட்டில் ஒருவருக்கு இதய ஆபரேஷன் என்றால் முன்பெல்லாம் நகை போகும், அப்புறம் நிலம் போகும். அதை இந்த அட்டை தடுத்திருக்கிறது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் அதே அட்டையில் சிகிச்சை எடுத்தால் அந்தக் காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கே வரும் என்பதும் நல்ல விஷயம்.

ஆனால் ஆஸ்பத்திரியில் பெட் போட்ட பிறகுதான் பெரும்பாலும் இந்த அட்டைக்கு வேலை. தினமும் போடும் சர்க்கரை மாத்திரைக்கு அது உதவாது. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் விட்டவருக்குச் சிறுநீரகம் போனால் வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். அப்போது அட்டை கை கொடுக்கும்தான். செலவு மட்டும் ஆயுளுக்கும் நிற்காது, அரசுக்கும் சரி, பஸ் ஏறி அலையும் குடும்பத்துக்கும் சரி.

மாத்திரைப் பை மலிவாக நடப்பதற்குக் காரணம் உண்டு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போல ஒரு கணக்கு. அதில் உள்ள தொகைக்குத் தனக்கு வேண்டிய மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது. அதே ஒரு ரூபாய் இங்கே அதிகம் பேருக்குப் போய்ச் சேர்கிறது.

குறை இல்லையா? நிறைய இருக்கிறது. ஒருமுறை அப்பாவை நெஞ்சுவலி என்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். ஈசிஜி மெஷின் இருந்தது. எடுக்க ஆள் இல்லை. அங்கிருந்து 108-ல் ஏறிப் போனோம். அதனால்தான் சொல்கிறேன், பணம் இல்லை என்று ஆள் எடுப்பதை நிறுத்துவது மோசமான சிக்கனம். தொகுப்பூதியத்தில் செவிலியர் எடுப்பது அதற்குப் பரவாயில்லை. ஆனால் நிரந்தர வேலை கிடைத்ததும் அவர் போய்விடுவார். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தப் பெண் எத்தனையாவது மாசம் என்ற விவரமெல்லாம் அவரோடு போய்விடும். புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆளில்லாத நிலையங்களை மூடி, பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாம் என்றொரு யோசனையும் சொல்கிறார்கள். எங்கள் வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, கே.வி.குப்பம் போன்ற சமவெளியில் பஸ் இருக்கிறது, எப்படியோ சமாளிக்கலாம். மலையில் முடியாது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு வைத்ததே அதற்காகத்தான். 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை சரியில்லாததால் உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டே மலையேறினார். அந்த வீட்டில் 5 லட்சம் ரூபாய் அட்டை இருந்திருந்தாலும் அன்று ஒன்றும் நடந்திருக்காது.

என்னைக் கேட்டால் மாத்திரைக்கும் செவிலியர் சம்பளத்துக்கும் உள்ள பணத்தை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும், மலைக்கு அதிலும் முதலில். வெட்டியே தீர வேண்டுமென்றால், ஊரிலேயே பார்க்கக்கூடிய நோய்க்குத் தனியார் மருத்துவமனைக்குப் போகும் காப்பீட்டுத் தொகையில் வெட்டட்டும். இதயம், புற்றுநோய், டயாலிசிஸ் மூன்றிலும் கை வைக்கக் கூடாது.